தனசேகரன் வளர்த்த பூசணம்

ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் தனசேகரனுக்கு மட்டும் மூக்கால் பெயர் வந்தது. அடுக்கி வைத்த புடவைகளுக்கு முன்னால் போய் நின்றால் போதும், எதில் ஈரம் ஏறியிருக்கிறது, எதில் பூசணம் பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் மற்ற வியாபாரிகள் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரைத் தங்கள் கடைக்கு அழைத்துப் போவதுண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மூச்சை ஆழமாக இழுத்து, "கீழ் அடுக்கு, எடது பக்கம்" என்பார். எடுத்துப் பார்த்தால் அங்கே இருக்கும். டீ வாங்கிக் கொடுத்தவர் அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நிற்பார்.

இந்தத் திறமையால் தனசேகரன் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டில் ரொட்டி வாங்கினால் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். ஊறுகாய் ஜாடி மொட்டை மாடியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் மனைவி அபிதகுசாம்பாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு புடவை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "மொதல்ல தலைய நல்லா காய வெச்சிகினு அப்புறமா உள்ள வா" என்றார். அவர் அவளிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

அபிதா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அபிதகுசாம்பாளுக்கு, சேவூரில் அவள் அப்பா எழுதி வைத்த நிலம் கொஞ்சம் இருந்தது. குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த துரைக்கண்ணு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததும் போய்விட்டார். மகள் காவ்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் அதே சமயத்தில்தான். நிலத்தை விற்றுவிடலாம் என்று தனசேகரன் சொன்னார். அபிதா கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போய், செடி அவரை போடுவதற்கு உழவு ஓட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஒரு மாசம் போவா. அப்புறம் முட்டி வலிக்குதும்பா" என்று வீட்டின் முன்கட்டில் இருந்த கடையில் வேலை பார்க்கும் அருள்மணியிடம் தனசேகரன் சொன்னார்.

புரட்டாசி முழுக்கப் போனாள். முட்டி வலிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் அபிதா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்து, கடை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். கையில் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு அவரைச் செடி.

"கொஞ்சம் வெளிய வாங்க. இத மோந்து பாருங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் மோந்து பார்க்கச் சொன்னதில்லை. வெளியே வந்து பார்த்தார். இலை வாடித் தொங்கியது. வேரில் தோல் ஈரமாக உரிந்து, தொட்டால் கையோடு வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சந்தேகமே இல்லை.

"பூசணம்" என்றார்.

"வேளாண்மை ஆபீசரம்மாவும் அதத்தான் சொன்னாங்க. வேர் அழுகலாம்."

"அவங்க மோந்து பார்த்தாங்களா?"

"கண்ணால பார்த்தாங்க."

தனசேகரனுக்கு அந்த முறையில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் முடிவு சரியாகத்தான் இருந்தது.

"மேக்கால மூலைல தண்ணி நின்னுச்சு. அங்க ஆரம்பிச்சி வரிசை வரிசையா வந்துகினே இருக்குது" என்றாள் அபிதா.

"பினாயில் ஊத்து."

"செடிக்கா?"

"பூசணத்துக்கு."

அபிதா பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். வெளுத்த பச்சையில் பவுடர். டிரைக்கோடெர்மா விரிடி என்று மேலே எழுதியிருந்தது. "இதுவும் பூசணம்தாங்க. ஆனா நல்ல பூசணம். மக்கின எருவுல கலந்து ஈரமா மூடி வெச்சா பெருகுமாம். அப்புறம் வேர் பக்கம் போட்டா, கெட்ட பூசணத்தச் சுத்திகினு அதையே தின்னுடுமாம். உயிரோட இருக்கற சாமான், ஜாக்கிரதையா பார்த்துக்கோங்கன்னு ஆபீசரம்மா சொன்னாங்க."

தனசேகரன் பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பூசணத்தில் நல்லது கெட்டது என்று இரண்டு ஜாதி உண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"இத தெரிஞ்சே விக்கறாங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சேதான்."

மழை படாத, வெயில் படாத இடம் வேண்டும். வயலில் அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகைதான் தோதாக இருந்தது. அந்தக் கொட்டகைக்கும் புடவை அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அபிதா எருவைக் கொட்டி, பவுடரைக் கலந்து, தண்ணீர் தெளித்து, நனைத்த கோணியைப் போட்டு மூடினாள். தனசேகரன் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கோணி விரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாள் பொறுத்தார். பிறகு கலசப்பாக்கத்திலிருந்து தனகோடி அம்மாள் வருவதாகப் போன் வந்தது. மகன் கல்யாணத்துக்கு மொத்தக் குடும்பத்துக்கும் புடவை எடுக்க வருகிறார். அன்று காலை தனசேகரன் புடவை அறைக்குள் போய் நின்று மூச்சை இழுத்தார். சுவரைத் தாண்டி ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. நல்ல பூசணமோ கெட்ட பூசணமோ, மூக்குக்கு அது பூசணம். அபிதா வயலுக்குப் போயிருந்தாள். அவர் கொட்டகைக்குப் போய்க் கோணியைத் தூக்கினார். எருவின் மேல் மெல்லிய வெள்ளை நூல் ஓடியிருந்தது. உள்ளே போய்ப் பினாயிலை எடுத்துவந்து ஒரு சொட்டு மீதி இல்லாமல் ஊற்றினார். மறுபடி கோணியைப் போட்டு மூடினார். கை கழுவினார்.

தனகோடி அம்மாள் வந்தார். புடவைகளைப் பார்த்தார். வீடு சுத்தமாக இருக்கிறது, ஆஸ்பத்திரி மாதிரி வாசனை வருகிறது என்று பாராட்டினார். பிடித்த புடவைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நல்ல நாள் பார்த்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மதியம் அபிதா வந்து கோணியைத் தூக்கியதும் அப்படியே நின்றாள்.

"யாருங்க இதுல பினாயில் ஊத்தனது?"

"நான்தான்" என்றார் தனசேகரன்.

"இதுக்கு உயிர் இருக்குதுன்னு சொன்னேனே."

"சொன்ன. அதனாலதான் ஊத்தனேன். உயிர் இல்லன்னா எதுக்கு ஊத்தப் போறேன்?"

சத்தம் போடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி சேவூருக்குப் போய்விட்டாள். பொழுது சாயும்போது திரும்பினாள். விரல் இடுக்கெல்லாம் மண். அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வாடனதெல்லாம் புடுங்கிப் போட்டேன். பாதிக்கு மேல பூ விட்டிருந்துச்சுங்க" என்றாள்.

தனசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முன்பு ஒரு பெருமழையில் அவர் ஜன்னலைச் சாத்த மறந்து, சாரல் அடித்துப் புடவைகள் நனைந்தபோது, அபிதாதான் ஹாலில் கயிறு கட்டி, மின்விசிறியைப் போட்டு, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காய வைத்தாள். ஜன்னலை யார் சாத்தாமல் விட்டது என்று அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை. அது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் கடையை அருள்மணியிடம் விட்டுவிட்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனார். ஆபீசர் புஷ்பலதா மேஜைக்குப் பின்னால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"டிரைக்கோடெர்மா வேணும்" என்றார் தனசேகரன். "சேவூர் அபிதகுசாம்பாள் நிலத்துக்கு."

"போன வாரம்தானே வாங்கிகினு போனாங்க?"

"செத்துடுச்சு."

"எப்படி சார்?"

"பினாயில்."

புஷ்பலதா எழுதுவதை நிறுத்தினார். "யாரு சார் ஊத்தனது?"

"வீட்ல இருக்கறவங்க."

"அவங்க கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். பினாயில், பூசண மருந்து எதுவும் அது கிட்ட போகக் கூடாது."

"சொல்லிட்டேன்" என்றார் தனசேகரன். கிளம்பாமல் நின்றார். "இன்னொரு சந்தேகம். இது பட்டை சாப்புடுமா?"

"எந்தச் செடியோட பட்டைங்க?"

"அந்தப் பட்டை இல்ல. பட்டு. பொடவை."

புஷ்பலதா யோசித்தார். "அப்படி யாராவது வெச்சிப் பார்த்தாங்களான்னு எனக்குத் தெரியாது சார். எதுக்கும் தள்ளியே வைங்க."

பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தவர் கொட்டகையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். எருவை வைக்க வேறு இடம் இல்லை. அருள்மணியைக் கூப்பிட்டார்.

"பொடவையெல்லாம் மாடிக்கு எடுத்துகினு போ. காவ்யா ரூம்ல வெய்யி."

அருள்மணிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "பொடவைய மாடிக்கா மொதலாளி? அப்ப எரு?"

"எரு கீழயே இருக்கட்டும்."

மாடிப்படியில் பட்டுப் புடவைகள் ஏறிப்போவதை, வயலிலிருந்து வந்த அபிதா வாசலில் நின்று பார்த்தாள். பினாயில் எருவை வாரித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, கொட்டகையைக் கழுவினாள். "எரு ஈரம் எப்படி இருக்கணும்னா, கைல புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். தனசேகரன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

புது எருவில் பவுடர் கலந்து மூடி வைத்தார்கள். தினமும் காலையில் பல் தேய்த்ததும் தனசேகரன் கோணியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பூசணம் வந்துவிடுமோ என்று ஆயுசெல்லாம் பயந்தவருக்குப் பூசணம் வரவில்லையே என்ற கவலை பிடித்துக்கொண்டது. கடையில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு காலையில் குனிந்து மூக்கை வைத்தவர் கண்ணில் தண்ணீர் வரப் பின்வாங்கினார்.

"அபிதா, இந்த எரு இன்னும் மக்கலை. காட்டமா இருக்குது. உள்ள சூடு வேற. இதுல அது எப்படி வரும்?"

அபிதா கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. "ஆமாங்க. அவசரத்துல புது எருவ எடுத்துட்டேன்" என்றாள். "அய்யனார் கிட்ட பழசு இருக்கும். வரீங்களா?"

அய்யனார் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். அபிதாவின் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தைச் சம்பளத்தில் சேர்த்துச் சேர்த்து வாங்கியவர். அவர் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. வயல் ஓரத்தில் இருந்த அவருடைய எருக்குழிக்குப் பக்கத்தில் தனசேகரன் குந்தி உட்கார்ந்து, அங்கே ஒரு பிடி இங்கே ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னா சார், எருவக்கூட மோந்து பார்த்துத்தான் எடுப்பீங்களா?"

"பட்டையும் அப்படித்தான் எடுக்கறேன்."

"அப்ப செரி" என்றார் அய்யனார்.

அடியில் இருந்த பழைய எருவைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். இந்த முறை வந்தது. முதலில் சிலந்தி நூல் போல வெள்ளை. தனசேகரன் அதை யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்தார். சொன்னால் போய்விடும் போல இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கோணியைத் தூக்கியவர் வாயில் இருந்த பற்பசை நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"அபிதா! ஜல்தி வா! பூசணம் பூத்துடுச்சு! பச்சைப் பசேல்னு பூத்துடுச்சு!"

அபிதா ஓடிவந்து பார்த்தாள். குவியல் முழுக்கப் பாசி நிறத்தில் பச்சை. "அடேங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணனும் பட்டு வியாபாரிதான். அந்த நேரத்தில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தார்.

"காதுல விழுந்துச்சு தனசேகரு. எவ்ளோ பொடவை போச்சு?"

"பொடவை இல்ல. எரு."

கமலக்கண்ணன் அவர் தோளில் கையை வைத்தார். "எதையும் மனசுல போட்டுக்காத."

"கொட்டகைக்கு வந்து பாருங்களேன். நல்லா வந்துருக்குது."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கமலக்கண்ணன் பின்னாலேயே நகர்ந்து வெளியே போனார். மத்தியானத்துக்குள் பட்டு வியாபாரிகள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சரக்கு கெட்டுப்போனதில் தனசேகரனுக்குப் புத்தியும் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று சேர்த்துச் சொன்னார்கள்.

சாயங்காலம் தனகோடி அம்மாள் போன் செய்தார். "உங்க வூட்ல பூசணம்னு சொல்றாங்களே, நெஜமாங்க?"

இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும். அபிதா எதிரில் முறத்தில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். செத்த செடிகளின் இடத்தில் ஊன்ற வேண்டிய விதை.

"ஆமாங்கம்மா. நாங்கதான் வளர்த்துகினு இருக்கோம். அவரைக்கு. பொடவையெல்லாம் மாடில பத்திரமா இருக்குது" என்றார்.

"வளர்க்கறீங்களா?"

"ஆமாங்க."

"கல்யாணப் பொடவைங்க. மனசு ஒப்பல. தப்பா நெனைக்காதீங்க" என்று தனகோடி அம்மாள் போனை வைத்துவிட்டார்.

தனசேகரன் அபிதாவைப் பார்த்தார். அவள் விதை பொறுக்குவதை நிறுத்தியிருந்தாள். "இல்லன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"இருக்குதே" என்றார் அவர்.

மறுநாள் கமலக்கண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் துக்கம் இல்லை, கூச்சம் இருந்தது. தனகோடி அம்மாள் அவர் கடைக்கு வருகிறாராம். ஆரணியில் பூசணம் பரவுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பூசணம் இல்லாத புடவையாகக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "நீ ஒருவாட்டி வந்து மோந்து பார்த்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

தனசேகரன் போனார். மோந்து பார்த்தார். நடு அடுக்கிலிருந்து ஒரு அரக்குப் புடவையை உருவித் தனியாக வைத்தார். மற்றதெல்லாம் நல்ல சரக்கு, தைரியமாகக் காட்டலாம் என்றார். கமலக்கண்ணன் டீ சொன்னார். தனசேகரன் குடித்தார். டீ நன்றாக இருந்தது.

கார்த்திகையில் மழை விட்ட ஒருநாள் பச்சை எருவைக் கூடையில் அள்ளி ஆட்டோவில் ஏற்றி சேவூருக்குக் கொண்டுபோனார்கள். அபிதா, அய்யனாரின் மனைவி அம்மணி, தனசேகரன் மூன்று பேரும் வரிசையாக வேர்ப் பக்கம் போட்டு மண்ணை அணைத்தார்கள். காலியான இடங்களில் அபிதா அதே பவுடரில் புரட்டிய விதையை ஊன்றினாள். தண்ணீர் நின்ற மேற்கு மூலையில் அய்யனார் ஒரு வடிகால் வெட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை அதிசயம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வேர் அழுகிய செடிகள் செத்தன. அவற்றை யாராலும் எழுப்ப முடியவில்லை. எரு போட்ட பிறகும் சில செடிகள் வாடின. தனசேகரன் தினமும் அபிதாவோடு போய், கடைசியாகச் செத்த வரிசையில் நின்று அடுத்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கடைக்குப் போகலியா?" என்று அபிதா கேட்டாள்.

"அருள்மணி பார்த்துக்கறான்."

"அவனுக்கு மோக்கத் தெரியாதே."

"கத்துக்கட்டும்."

அந்த அடுத்த வரிசை சாகவில்லை. அதற்கடுத்ததும் சாகவில்லை. ஒரு வாரம் கழித்து அபிதா வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. நல்ல செடியைப் பிடுங்கிவிட்டோமே என்று அவள் வருத்தப்பட்டாள். தனசேகரன் அதை வாங்கி, மறுபடி நட்டு, தண்ணீர் ஊற்றினார். அது பிழைக்கவில்லை. வயலில் பாதிக்கு மேல் பிழைத்தது.

மார்கழியில் முதல் காய் பறித்தார்கள். அம்மணியும் கூட வந்து பறித்தாள். வெயில் ஏறியதும் அவள் முந்தானையை உதறிக்கொண்டு அபிதாவைப் பார்த்து, "யக்கா, களி கிண்டி வெச்சிருக்கேன். வூட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். பிறகு தனசேகரன் பக்கம் பாதி திரும்பி, "சார் சாப்புடுவாரா?" என்று அபிதாவிடமே கேட்டாள்.

அய்யனார் வீடு இருந்த காலனி வழியாகத் தனசேகரன் பல தடவை வண்டியில் போயிருக்கிறார். இறங்கியதில்லை. அவர் தெருவில் யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. என்ன சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அபிதா நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

வீட்டுக்குள் போனதும் அபிதா நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்து, மேல் அலமாரியில் கைவிட்டுச் சொம்பை எடுத்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவரிடம் கொடுத்தாள். சொம்பு எங்கே இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. புரட்டாசியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவள் எங்கே சாப்பிட்டாள் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தனசேகரனுக்கு உறைத்தது. தண்ணீரைக் குடித்தார். அய்யனாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அம்மணி களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி அவரைக்காய்க் காரக்குழம்பை ஊற்றினாள். எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் சாப்பிட்டார்.

"உப்பு போதுங்களா சார்?"

"போதும். காரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

அய்யனார் சிரித்தார். அம்மணி ஊற்றினாள். அபிதா சிரிக்கவில்லை. சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் அபிதா ஸ்கூட்டியைத் தள்ளித் திருப்பினாள். "தை பொறந்தா முகூர்த்தம் வரும். பொடவையெல்லாம் கீழ எறக்கணுமே" என்றாள்.

"தை முடிஞ்சி அடுத்த அவரை போடணும்னியே? அதுக்கும் எரு வேணுமில்ல?"

"ஆமா."

"அப்ப மாடியிலயே இருக்கட்டும்" என்றார் தனசேகரன். அவள் வண்டியைக் கிளப்பினாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.